பற்றரியை மாற்றுவதற்கு முன்: ஒரு பழைய மொறிஸ் மைனர் சொல்லித் தந்தவை

போன மாரியில் ஒரு நாள், விடியற்காலை ஐந்தரை மணி. தங்கச்சி காரின் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அன்று யாழ்ப்பாணத்தில் அவளுடைய செயற்கைக் காலைத் திருத்துவதற்கான நாள். பழைய கால் தளர்ந்து, பொருந்தும் இடத்தில் உராய்ந்து புண்ணாகியிருந்தது. நான் சாவியைத் திருப்பி ஸ்ராட்டர் குமிழை இழுத்தேன். "டக்" என்று ஒரு சத்தம். திரும்ப இழுத்தேன். அதுவும் இல்லை.

எட்டு மாதத்துக்குள் அந்தக் காருக்கு நான் போட்ட இரண்டாவது புதுப் பற்றரி அது. முதல் நாள்தான் கடையில் கொடுத்து முழுதாகச் சார்ஜ் செய்து எடுத்து வந்திருந்தேன். மீசாலையில் அந்த நேரத்துக்கு ஓட்டோக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றப் போய்விடும். ஒன்றைத் தேடிப் பிடித்து யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தபோது பத்தரை மணி. அன்றைய இலக்கங்கள் முடிந்துவிட்டன. அடுத்த தவணை ஆறு கிழமை கழித்து. ஆறு கிழமையும் அவள் அந்தப் புண்ணோடுதான் நடந்தாள்.

பிழை பற்றரியில் இருக்கவில்லை. அதை அறிய வெறும் பத்து நிமிடம் போதுமாயிருந்தது. அந்தப் பத்து நிமிடச் சோதனை எனக்குத் தெரியாததால் இரண்டு பற்றரிக் காசும் ஒரு தவணையும் போயின. எங்களைப்போல் பழைய வாகனத்தை நம்பி இருக்கும் வீடுகளுக்கு இது உதவக்கூடும் என்பதால் எழுதுகிறேன். நான் மெக்கானிக் இல்லை. காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவன்.

ஏன் இன்னும் இந்தக் கார்?

எங்களுடையது 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். அப்பா வாங்கியது. பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எல்லோரையும்போல அப்பாவும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினவர். வீட்டில் மின்சாரம் இல்லை. ரேடியோவில் செய்தி கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றின காலம். காரின் பற்றரி அப்போது வீட்டின் சொத்து. அதனால் அப்பா ஸ்ராட்டரை இழுக்கவே மாட்டார். முன்னால் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றித்தான் எழுப்புவார். "ஸ்ராட்டர் ஒருக்கால் குடிக்கிற கரண்டில இரவு முழுக்க ஒரு சின்ன பல்ப் எரியும்" என்பார். கணக்கு அவ்வளவு சரியோ தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் அதுதான் சட்டம்.

2000ஆம் ஆண்டு தென்மராட்சியில் சண்டை மூண்டபோது இந்தக் காரில்தான் வடமராட்சிப் பக்கம் போனோம். 2002இல் திரும்பி வந்தோம். திரும்பி வந்த அதே ஆண்டில்தான், காணி துப்புரவாக்கும்போது தங்கச்சி மிதிவெடியில் இடது காலை இழந்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது.

அன்று தொடக்கம் இந்தக் கார் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை. பஸ் படி அவளுக்கு உயரம். ஓட்டோவில் காலை நீட்ட முடியாது. இரண்டு கதவு மைனரின் கதவு அகலமானது. அவள் முதலில் உட்கார்ந்து, பிறகு காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். வேறு கார் வாங்கலாம் என்று நினைத்த காலத்தில், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல் திரும்பவும் அனுமதி வந்தபோது விலை எங்களுக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வழி.

மூன்று கேள்விகள்

என் காரின் பிழையைக் கண்டுபிடித்தவர் சாவகச்சேரியில் இருக்கும் ஒரு வயதான வயரிங் மாஸ்டர். கண்பார்வை குறைந்ததால் இப்போது கடை நடத்துவதில்லை. நான் நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, என்ன பிழை எண்டு பாத்தோ பற்றரி மாத்தினனீங்கள், இல்லாட்டி பற்றரி மாத்திப் பாத்தனீங்களோ?"

எனக்குப் பதில் இருக்கவில்லை.

கார் எழும்பாவிட்டால் மூன்று கேள்விகளை இந்த ஒழுங்கில் கேட்க வேண்டும் என்று அவர் சொன்னார். பற்றரியில் கரண்ட் இருக்கிறதா? இருப்பது ஸ்ராட்டருக்குப் போய்ச் சேருகிறதா? செலவானது திரும்ப நிரம்புகிறதா? நாங்கள் முதல் கேள்வியைக்கூடச் சரியாகக் கேட்காமல் கடைக்குப் போய்விடுகிறோம்.

முதலாவது: பற்றரியில் இருக்கிறதா?

ஒரு சாதாரண டிஜிற்றல் மீற்றர் வாங்கி வையுங்கள். பற்றரி விலையோடு பார்த்தால் அது சில்லறை. கார் சில மணித்தியாலம் ஓடாமல் நின்றபின் பற்றரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற் அளவில் இருந்தால் நிரம்பியிருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12க்குக் கீழே என்றால் வெறுமையை நெருங்குகிறது. அதை முதலில் சார்ஜ் செய்யுங்கள். வெறுமையான பற்றரியை வைத்து வேறு எந்தச் சோதனை செய்தாலும் பதில் பிழையாகவே வரும்.

நிரம்பிய பற்றரி என்றால், ஒருவரை ஸ்ராட்டரை இழுக்கச் சொல்லிவிட்டு மீற்றரைப் பாருங்கள். எஞ்சின் சுற்றும்போது 10 வோல்ற்றுக்கு மேல் நின்றால் பற்றரி தாங்குகிறது. ஏழு, எட்டு என்று விழுந்தால் ஒன்றில் பற்றரி முடிந்துவிட்டது, அல்லது ஸ்ராட்டர் எங்கோ இறுகி அளவுக்கு மேல் இழுக்கிறது.

மீற்றர் இல்லாதவருக்கு முன்லைற்றே மீற்றர். லைற்றைப் போட்டுவிட்டு ஸ்ராட்டரை இழுங்கள்.

லைற் மங்கி, ஸ்ராட்டர் முனகினால்: பற்றரி பலவீனம்.

லைற் முற்றாக அணைந்தால்: பெரும்பாலும் பற்றரி முனையில் தொடுப்புத் தளர்வு அல்லது வெள்ளைப் பூஞ்சணம். கழற்றிச் சுடுதண்ணீரால் கழுவி, சுரண்டி, இறுக்கிப் பூட்டி, மேலே கொஞ்சம் கிறீஸ் பூசுங்கள்.

ஸ்ராட்டர் "விர்" என்று சுற்றியும் எஞ்சின் சுற்றாவிட்டால்: ஸ்ராட்டரின் பல்லுச் சில்லு அழுக்குப் பிடித்து முன்னே வர மறுக்கிறது. கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். அதில் ஒயில் விடக்கூடாது. ஒயிலில் புழுதி ஒட்டித் திரும்பவும் இறுகும்.

"டக்" என்று ஒரு சத்தம், பிறகு எதுவும் இல்லை, லைற்றும் மங்குகிறது என்றால்: அந்தச் சில்லு எஞ்சின் சில்லோடு கடித்து நின்றிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, பெரிய கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். மைனரின் ஸ்ராட்டர் பின்முனையில் சதுரத் தலை ஒன்று இருக்கும். சாவி போட்டு அதைத் திருப்பியும் விடுவிக்கலாம்.

லைற் கொஞ்சமும் மங்காமல் பிரகாசமாக எரிய, ஸ்ராட்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால்: பற்றரியில் கரண்ட் இருக்கிறது, ஆனால் அது ஸ்ராட்டருக்குப் போகவில்லை.

அன்று காலை என் காரின் லைற் பளிச்சென்று எரிந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது எனக்கு என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை.

இரண்டாவது: போய்ச் சேருகிறதா?

ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும். இவ்வளவு பெரிய ஓட்டத்தில் ஒரு சிறிய துரு, ஒரு தளர்ந்த நட்டு, பாதி அறுந்த வயர் எல்லாம் பெரிய தடை. வீட்டு பல்ப்புக்குப் போதுமான வயர் வெல்டிங் மெசினுக்குப் போதாது என்பதைப் போல.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் உயிர் முனையிலும், மற்றதை ஸ்ராட்டரின் முனையிலும் வையுங்கள். ஸ்ராட்டரை இழுக்கும்போது மீற்றர் அரை வோல்ற்றுக்குள் காட்ட வேண்டும். கூடக் காட்டினால் அந்த வயரிலோ சுவிச்சிலோ தடை இருக்கிறது.

அநேகர் இதோடு நிறுத்திவிடுவார்கள். மாஸ்டர் நிறுத்தவில்லை. "கரண்ட் போற பாதையை எல்லாரும் பாப்பினம். திரும்பி வாற பாதையை ஒருத்தரும் பாக்கிறேல்லை" என்றார். ஸ்ராட்டருக்குப் போன கரண்ட் எஞ்சின் இரும்பு வழியாகப் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். ஆனால் எஞ்சின் இறப்பர் தாங்கிகளின் மேல் இருக்கிறது. இறப்பரில் கரண்ட் ஓடாது. ஆகவே எஞ்சினையோ கியர் பொக்ஸையோ உடலோடு இணைக்க, பின்னிய செப்புப் பட்டி ஒன்று கீழே பூட்டப்பட்டிருக்கும். அதுதான் ஏர்த் பட்டி.

அவர் என்னிடம் சொன்னார்: "ஸ்ராட்டரை இழுத்துக்கொண்டு சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கோ."

தொட்டேன். சுட்டது.

ஏர்த் பட்டி செயலிழந்தால் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் தொடும் வேறு உலோகம் சோக் கேபிள்தான். அந்த மெல்லிய கம்பியால் ஸ்ராட்டரின் கரண்ட் முழுவதும் திரும்பப் பார்க்கிறது. அதனால்தான் சுடுகிறது. சிலவேளை புகைந்து தீயும் பிடிக்கும். உங்கள் காரில் சோக் கேபிள் சுட்டால், வேறு எதையும் பார்க்காமல் காரை நிறுத்தி ஏர்த் பட்டியைப் பாருங்கள்.

மீற்றரை எஞ்சின் இரும்பிலும் பற்றரியின் ஏர்த் முனையிலும் வைத்து இழுத்தோம். அரை வோல்ற்றுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் நாலுக்கு மேல் காட்டியது. காரின் கீழே படுத்துப் பார்த்தால், பட்டி இருந்தது. ஆனால் கறுத்து, பொடிந்து, நாலைந்து இழைதான் மிச்சம். கடனீரேரியின் உப்புக்காற்றும் ஒவ்வொரு மாரியும் ஒழுங்கையில் நிற்கும் வெள்ளமும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. மேலே இருந்து பொனற்றைத் திறந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

மூன்றாவது: திரும்ப நிரம்புகிறதா?

பட்டி ஒன்று அறுந்ததற்கு ஏன் இரண்டு பற்றரி சோர்ந்தன? மைனரின் டைனமோவும் எஞ்சினோடுதான் பூட்டப்பட்டிருக்கிறது. அது தயாரிக்கும் கரண்டும் அதே பட்டியால்தான் சுற்றை முடிக்க வேண்டும். பாதை கெட்டதால் பற்றரி எப்போதும் அரைகுறையாகவே நிரம்பியது. அரைகுறையாக நிற்கும் பற்றரியின் தகடுகளில் படிவு இறுகி, அது மெல்ல மெல்லச் சாகும். நான் புதிது வாங்கினேன். புதியதும் அதே வழியில் போனது.

சார்ஜ் ஆகிறதா என்று பார்க்க: எஞ்சினை ஓரளவு வேகமாக ஓடவிட்டுப் பற்றரி முனையில் மீற்றரை வையுங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏறினால் நல்லது. ஓடும்போதும் 12.5இலேயே நின்றால் சார்ஜ் இல்லை. 15க்கு மேல் போய்க்கொண்டிருந்தால் அளவுக்கு மேல் ஏறுகிறது. பற்றரித் தண்ணீர் விரைவில் வற்றும்.

சார்ஜ் இல்லையென்றால் முதலில் பெல்ற். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலமளவு கீழே போக வேண்டும். அதிகம் தொய்ந்தால் வழுக்கும்.

பிறகு டைனமோ. அதில் இரண்டு முனைகள் உண்டு. பெரியது டி, சிறியது எஃப். இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டைனமோவின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் ஒன்றாக இணையுங்கள். மீற்றரின் ஒரு கம்பியை அந்த இணைப்பிலும் மற்றதை டைனமோவின் இரும்பிலும் வையுங்கள். எஞ்சினை மெதுவான ஓட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வோல்ற் சீராக, விரைவாக ஏறினால் டைனமோ நல்லது. 20 வோல்ற்றைத் தொட விடாதீர்கள், எஞ்சினை உறுமவும் விடாதீர்கள். ஒரு வோல்ற்றுக்குள்ளேயே நின்றால் டைனமோவின் ஃபீல்ட் சுருளில் பிழை இருக்கலாம். நாலு, ஐந்தில் நின்றால் சுழலும் ஆமேச்சரில். ஒன்றுமே காட்டாவிட்டால் முதலில் கரித்துண்டுகளைப் பாருங்கள். தேய்ந்த கரித்துண்டு மாற்றுவது மிகச் சிறிய செலவு.

டைனமோ நல்லது, ஆனாலும் சார்ஜ் இல்லை என்றால் மிச்சம் வயரும் கொன்ரோல் பொக்ஸும்தான். அந்தப் பெட்டியைத் திறந்து திருகாணியை உத்தேசமாகத் திருப்பாதீர்கள். அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. டைனமோ மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் செய்யாது. சிவப்பு லைற் மினுங்குவது அதனால்தான், அது பிழை இல்லை. மைனரின் டைனமோ முழு வேகத்தில் தருவதே 20 அம்பியர் அளவு. இரண்டு முன்லைற்றுமே அதில் எட்டு அம்பியர் அளவு எடுத்துவிடும். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது, பத்து அடி நகர ஒரு முறை ஸ்ராட் செய்து எத்தனை பேர் பற்றரியைக் கொன்றோம் என்று யோசித்துப் பாருங்கள். எடுத்தது நிரம்ப ஓட்டமே இருக்கவில்லை.

ஜப்பான் கார் வைத்திருப்பவர்களுக்கு

எண்பதுகள், தொண்ணூறுகளின் ஜப்பான் கார்களில் டைனமோவுக்குப் பதில் ஓல்ற்றனேற்றர் இருக்கும். மூன்று கேள்விகளும் அதே. ஆனால் மேலே சொன்ன டைனமோச் சோதனையை அதில் செய்யக்கூடாது. எஞ்சின் ஓடும்போது பற்றரி முனையைக் கழற்றி "நிக்குதோ, நிக்கேல்லையோ" என்று பார்க்கும் பழக்கம் எங்கள் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் டயோட்டுகளைக் கெடுக்கும். வோல்ற் பார்த்தால் போதும்.

பழைய ஆங்கிலக் கார்களில் இன்னொரு விசயம். பலவற்றில் பற்றரியின் சக முனைதான் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு எதிர். புதுப் பற்றரி மாட்டும் இளம் பிள்ளைகள் பழக்கத்தில் மாற்றி மாட்டிவிடுவார்கள். மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

கவனம்

சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரட், குப்பி விளக்கு வேண்டாம். பற்றரிக்குள் அசிட் ஊற்றாதீர்கள், வடித்த தண்ணீர் மட்டும். அசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். ஹாண்டில் சுற்றுபவர் கியரை நியூற்றலில் வைத்து, ஹாண்ட்பிறேக் போட்டிருக்க வேண்டும். பெருவிரலை மற்ற நாலு விரலோடும் ஒரே பக்கம் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால் பெருவிரல் முறியும்.

பிறகு

புதுச் செப்புப் பட்டியை வெட்டி, இரண்டு முனையிலும் கண் அடித்து, உடலிலும் கியர் பொக்ஸிலும் பெயின்ற் சுரண்டிய வெற்று இரும்பில் பூட்டினோம். அதற்கான செலவு ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. பழுதென்று மூலையில் வைத்திருந்த முதல் பற்றரியை மாஸ்டரின் சொற்படி மெதுவான சார்ஜில் இரண்டு நாள் விட்டோம். அது எழும்பிவிட்டது. மின்வெட்டில் இப்போது வீட்டுக்கு வெளிச்சம் தருவது அதுதான்.

ஆறு கிழமை கழித்து, அதே ஐந்தரை மணிக்கு, தங்கச்சி ஏறி உட்கார்ந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். நான் குமிழில் கை வைக்க முன் சொன்னாள்: "பொறு அண்ணா, நான் லைற்றைப் பாக்கிறன், நீ இழு."

சுவரில் விழுந்த வெளிச்சம் ஒரு கணம் மங்கிப் பிரகாசமானது. எஞ்சின் பிடித்துவிட்டது.

"இண்டைக்குச் சரி" என்றாள்.

அன்று எங்களுக்குக் கிடைத்தது ஏழாம் இலக்கம்.